சாக மறுக்கும் செல்கள்: நுரையீரல் புற்றுநோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திசு ஆய்வகத்தில் என் வேலை. பயாப்ஸி எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிப் பார்ப்போம். அந்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிப்போக வரும் குடும்பத்தினர் வாசலில் நின்றபடியே என்னிடம் நிறையக் கேட்பார்கள். அங்கே இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாததை இங்கே நிதானமாக எழுதுகிறேன். என்ன சிகிச்சை என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

செல் சாவது கெட்டதுதானே? அது ஏன் தேவை என்கிறார்கள்?

நம் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் தாமாகவே சாகின்றன. பழையவையும் பழுதானவையும் இப்படி விலகுவதால்தான் உடம்பு ஒழுங்காக இருக்கிறது. கருவில் குழந்தையின் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். விரல்களுக்கு நடுவில் உள்ள செல்கள் செத்து விலகிய பிறகுதான் ஐந்து விரலும் பிரியும்.

1972-இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கரி என்ற மூவர் இந்தச் சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்று உண்டு. அது வளரும்போது 1,090 செல்கள் உருவாகி, அவற்றில் 131 செல்கள் செத்துப்போகும். எந்தப் புழுவை எடுத்துப் பார்த்தாலும் அதே 131 செல்கள்தான். சாவதற்கான கட்டளை மரபணுவிலேயே எழுதியிருக்கிறது என்பது இந்தப் புழுவை வைத்துத்தான் தெளிவானது. சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்த்தால் மறக்க முடியாது. ரத்த ஓட்டம் நின்றோ அடிபட்டோ சாகும் செல் வீங்கி வெடிக்கும், சுற்றுப்புறமெல்லாம் அழற்சி பரவும். தானாகச் சாகும் செல் அப்படி இல்லை. முதலில் சுருங்கும். பக்கத்துச் செல்களின் பிடியை விட்டு ஒதுங்கி நிற்கும். உட்கரு கருநீலமாக இறுகி, மணி மணியாக உடையும். பிறகு செல் முழுவதும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரியும், அவற்றை அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு செல் இருந்த சுவடே தெரியாது.

சாக வேண்டும் என்ற முடிவை செல்லுக்குள் எடுப்பது யார்?

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாதான் ஏரி. அதற்குள் சைட்டோகுரோம் சி என்ற புரதம் அடைபட்டிருக்கிறது. பேக்ஸ், பேக் என்ற இரண்டு புரதங்கள் மதகு மாதிரி. அவை திறந்தால் சைட்டோகுரோம் சி வெளியே பாயும், காஸ்பேஸ் எனப்படும் வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்ளும், செல்லை உள்ளிருந்தே துண்டு துண்டாக்கிவிடும். அதற்கு மேல் திரும்பி வருவது ரொம்பக் கடினம்.

மதகு திறக்காமல் பிடித்துக்கொள்ளும் காவலர்கள் இருக்கிறார்கள்: பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1. அந்தக் காவலர்களை விலக்கி மதகைத் திறக்க வருபவர்களும் இருக்கிறார்கள்: பிம், பூமா, நாக்ஸா. இரண்டு தரப்பில் எது மிஞ்சுகிறதோ அதைப் பொறுத்துத்தான் செல் பிழைப்பதும் சாவதும். இதில் பிம் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் வரும்.

நுரையீரல் புற்றுநோய்ச் செல் இந்தச் சாவிலிருந்து எப்படித் தப்பிக்கிறது?

ஒரு வழியில் இல்லை, பல வழிகளில்.

முதலாவது, பி53. டிஎன்ஏ பழுதானால் கவனித்து, சரிசெய், முடியாவிட்டால் செத்துப்போ என்று சொல்லும் புரதம் இது. பூமாவையும் நாக்ஸாவையும் வரவழைப்பது இதுதான். நுரையீரல் புற்றுநோயில் சுமார் 85 சதவீதம் 'சிறுசெல் அல்லாத' வகை. அதில் ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் பி53 கெட்டுப்போயிருக்கும். 'சிறுசெல்' வகையில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டியிலும் கெட்டிருக்கும்.

இரண்டாவது, ஓயாத வளர்ச்சிக் கட்டளை. செல்லின் மேல்புறத்தில் இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி இருக்கிறது. வெளியிலிருந்து சமிக்ஞை வந்து தொட்டால்தான் அது 'வளர்' என்று உள்ளே சொல்ல வேண்டும். இதன் மரபணுவில் மாற்றம் வந்துவிட்டால் யாரும் தொடாமலே சொல்லிக்கொண்டிருக்கும். காலிங் பெல் பட்டன் அமுங்கி மாட்டிக்கொண்ட மாதிரி. அந்தக் கட்டளை உள்ளே போய்ச் செய்யும் வேலைகளில் ஒன்று, பிம் புரதத்துக்கு அடையாளம் குத்தி அதைச் சிதைக்கும் இடத்துக்கு அனுப்புவது. மதகைத் திறக்க வருபவரை வழியிலேயே மடக்கிவிடுகிறார்கள். கேராஸ் மரபணு கெட்டாலும், ஏஎல்கே மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொண்டாலும் கடைசியில் நடப்பது ஏறக்குறைய இதேதான்.

மூன்றாவது, காவலர்களைப் பெருக்கிக்கொள்வது. எம்சிஎல்-1, பிசிஎல்-எக்ஸ்எல் பல நுரையீரல் கட்டிகளில் அதிகம். சிறுசெல் வகையில் பிசிஎல்-2 அதிகம்.

இன்னொன்றும் உண்டு. கொல்ல வரும் டி செல்லிடம் (நோய் எதிர்ப்புச் செல்) பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அதைச் செயலிழக்க வைப்பது. இது வெளியிலிருந்து வரும் சாவைத் தடுக்கும் உத்தி.

என் அம்மா சிகரெட் பிடித்ததே இல்லை. அவருக்கு எப்படி வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலர் குரலில் ஒரு குற்ற உணர்வு இருக்கும், தாங்கள் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்ட மாதிரி. அப்படி எதுவும் இல்லை. புகைப்பழக்கம்தான் மிகப் பெரிய காரணம், அதில் மாற்றமில்லை. ஆனால் புகைக்காதவர்களுக்கும் வருகிறது. அவர்களிடம்தான், முக்கியமாகப் பெண்களிடமும் ஆசிய மக்களிடமும், இஜிஎஃப்ஆர் மாற்றம் அதிகம் தென்படுகிறது. விறகடுப்புப் புகை, காற்று மாசு, அடுத்தவர் விடும் சிகரெட் புகை எல்லாமே நுரையீரலைக் கெடுப்பவைதான்.

2023-இல் லண்டன் ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். நல்ல நுரையீரலிலேயே இஜிஎஃப்ஆர் மாறிய சில செல்கள் சும்மா உறங்கிக்கொண்டிருக்கலாம். காற்றில் உள்ள நுண்தூசி அழற்சியை உண்டாக்கி அவற்றை எழுப்பிவிடுகிறது.

கீமோவும் இலக்கு மாத்திரையும் எப்படி வேறு?

கீமோ வேகமாகப் பிரியும் செல்களை நல்லது கெட்டது பார்க்காமல் காயப்படுத்தும். இலக்கு மாத்திரை கெட்டுப்போன ஒரு புரதத்தை மட்டும் குறிவைக்கும், மாட்டிக்கொண்ட அந்த காலிங் பெல் பட்டனை விடுவிக்கும்.

ஜெஃபிடினிப் என்ற மாத்திரை ஜப்பானில் 2002-இலும் அமெரிக்காவில் 2003-இலும் வந்தபோது, அது யாருக்கு வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலோருக்குப் பலனில்லை. ஆனால் சிலருக்கு, படுக்கையில் கிடந்தவர்கள்கூட, சில நாட்களில் எழுந்து நடக்கும் அளவுக்குக் கட்டி கரைந்தது. 2004-இல் அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் காரணத்தைக் கண்டுபிடித்தன. பலன் கிடைத்தவர்களின் கட்டியில் இஜிஎஃப்ஆர் மரபணு மாறியிருந்தது.

சரி, பட்டனை விடுவித்தால் செல் வளராமல் நிற்க வேண்டும், அவ்வளவுதானே? ஏன் சாகிறது? 2007-இல் வெளியான ஆய்வுகள் இதற்கு விடை சொல்லின. கட்டளை நின்றதும் பிம் சிதைவது நிற்கிறது. பிம் சேர்ந்துகொண்டே போய்க் காவலர்களை விலக்கி மதகைத் திறந்துவிடுகிறது. ஆய்வகத்தில் பிம்மை அகற்றிய செல்களில் மருந்து போட்டால் அவை பெரும்பாலும் சாகவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம் இதுதான். மாத்திரை தன் கையால் கொல்வதில்லை. சாவதற்கான ஏற்பாடு அந்தச் செல்லுக்குள்ளேயே இருந்தது, மாத்திரை வழிவிட்டது.

எந்த மரபணு மாற்றத்துக்கு என்ன மருந்து?

இஜிஎஃப்ஆருக்கு ஜெஃபிடினிப், எர்லோடினிப், அஃபாடினிப், அப்புறம் ஒசிமெர்டினிப். முதல் சிகிச்சையாகவே ஒசிமெர்டினிப் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நோய் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதைவிட அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு) 18.9 மாதம். பழைய மாத்திரைகளில் அது 10.2 மாதம்.

ஏஎல்கே ஒட்டுமரபணுவை நுரையீரல் புற்றுநோயில் 2007-இல் ஜப்பானில் ஹிரோயுகி மனோவின் குழு கண்டுபிடித்தது. நாலே ஆண்டில், 2011-இல், கிரிசோடினிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறகு அலெக்டினிப், லோர்லாடினிப். லோர்லாடினிப் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஐந்து ஆண்டு கழித்தும் நோய் முன்னேறவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். உடலெங்கும் பரவிய நுரையீரல் புற்றுநோயில் இப்படி ஒரு எண்ணைப் பார்ப்போம் என்று நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நினைத்ததில்லை.

கேராஸ் ஏறக்குறைய 40 ஆண்டு யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. மருந்து ஒட்டிக்கொள்ள இடமில்லாத வழவழப்பான புரதம் அது. 2013-இல் கெவன் ஷோகாட்டின் குழு, ஜி12சி என்ற ஒரு மாற்றத்தில் மட்டும் சின்னப் பள்ளம் ஒன்றைக் கண்டுபிடித்தது. அதில் போய் உட்காரும் சோட்டோராசிப் 2021-இல் வந்தது, அடுத்த ஆண்டு அடாக்ராசிப். ரோஸ்1, ரெட், மெட், பிராஃப், ஹெர்2 மாற்றங்களுக்கும் மருந்துகள் உண்டு.

பரிசோதனை இல்லாமலே மாத்திரையை ஆரம்பித்தால் என்ன? விலை குறைந்த மாத்திரைகள் கிடைக்கின்றனவே?

வேண்டாம். கிழக்கு ஆசிய நாடுகளில் நடந்து 2009-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஜெஃபிடினிப்பையும் கீமோவையும் ஒப்பிட்டார்கள். மாற்றம் இருந்தவர்களுக்கு மாத்திரை நன்றாக வேலை செய்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கு நோய் கீமோவைவிட மாத்திரையில் மிக வேகமாக முன்னேறியது. பட்டன் மாட்டியிராத வீட்டில் பட்டனைக் கழற்றி என்ன பயன்?

பயாப்ஸிக்கு முன்பே நாள் போய்விடுவது இன்னொரு வேதனை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் டிபி என்று நினைத்து மாதக்கணக்கில் டிபி மாத்திரை சாப்பிட்டுவிட்டு, இளைத்துப்போய், அதன் பிறகு பயாப்ஸிக்கு வந்தவர்களின் துணுக்குகளை நானே சீவியிருக்கிறேன். சளியில் கிருமி தென்படவில்லை, மருந்து சாப்பிட்டும் நிழல் குறையவில்லை என்றால், சி.டி. ஸ்கேனும் பயாப்ஸியும் வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளாக்கைப் பத்திரமாக வைத்திருங்கள். வெயிலில், காருக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும். மரபணுப் பரிசோதனையைப் பெரும்பாலும் அந்தத் துணுக்கிலிருந்துதான் செய்ய வேண்டும்.

மாற்றம் இருக்கிறது, மருந்தும் சரியானது. ஆனாலும் சிலருக்கு ஏன் பலன் குறைவு?

காரணம் பல. அதில் ஒன்று பிறவியிலேயே இருக்கலாம். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டது இது: கிழக்கு ஆசியர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு பிம் மரபணுவின் ஒரு துண்டு இல்லை. ஐரோப்பியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் அவர்கள் அதைக் காணவில்லை. துண்டு இல்லாதவர்களின் செல்கள் செய்யும் பிம்மில் பெரும்பகுதிக்கு, மதகைத் திறக்கத் தேவையான 'பிடி' இருக்காது. மாத்திரை பட்டனை விடுவிக்கும், பிம்மும் சேரும், ஆனால் வெறுங்கையோடு வந்து நிற்கும். வோரினோஸ்டாட் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் பிடியுள்ள பிம் கூடுகிறது என்று ஆய்வகத்தில் பார்த்து, ஜப்பானில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு முதல் கட்டச் சோதனையும் நடத்தினார்கள். இன்று வழக்கமான சிகிச்சையில் இது இல்லை.

முதலில் கரைந்த கட்டி ஏன் திரும்பி வருகிறது?

குடும்பங்கள் நொறுங்கிப்போகும் கேள்வி இது. ஸ்கேனில் கட்டியே தெரியவில்லை என்று கோயிலுக்குப் போய் வந்தவர்கள், ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்ப என் ஜன்னலுக்கு வருகிறார்கள்.

ஸ்கேனில் தெரியாதது எல்லாம் இல்லாமல் போனது ஆகாது. 2010-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் தட்டில் வளர்த்த இஜிஎஃப்ஆர் புற்றுநோய்ச் செல்கள் மேல் மருந்தை ஊற்றினார்கள். கிட்டத்தட்ட எல்லாம் செத்தன. மிகச் சிறு பங்கு மட்டும் சாகவும் இல்லை, வளரவும் இல்லை, சும்மா இருந்தன. மருந்தை எடுத்துவிட்டால் மறுபடி வளர்ந்தன, மறுபடி மருந்துக்கு அடங்கின. தாக்குப்பிடிக்கும் செல்கள் என்று சொல்லலாம். கோடை முழுக்க வறண்ட நிலத்தில் கிடந்து முதல் மழையில் முளைக்கும் கோரைக்கிழங்கு மாதிரி. இந்தச் செல்கள் உயிரோடு இருக்கும் காலத்தில் புது மரபணு மாற்றங்கள் சேர்ந்துகொள்கின்றன.

பழைய மாத்திரைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வந்த புது மாற்றம் டி790எம். மருந்து உட்காரும் இடத்தையே அது மாற்றிவிடுகிறது. அதை வெல்லத்தான் ஒசிமெர்டினிப் 2015-இல் வந்தது. அதற்கும் சிலரிடம் சி797எஸ் என்ற மாற்றம் வருகிறது. சிலரிடம் மெட் என்ற வேறொரு ஏற்பி பெருகி, பின்வாசல் வழியாக அதே கட்டளையைக் கொடுக்கிறது. கொஞ்சம் பேரிடம் கட்டியே சிறுசெல் வகையாக உருமாறிவிடுகிறது. அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

அதனால்தான் மறுபடி பயாப்ஸி கேட்கிறார்கள். "திரும்பவும் ஊசியா, போன தடவைதானே எடுத்தீங்க" என்று கோபப்படுபவர்களை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் இப்போது இருப்பது அந்தப் பழைய கட்டி இல்லை. சில மாற்றங்களை ரத்தப் பரிசோதனையிலும் பார்க்கலாம். ரத்தத்தில் தெரியவில்லை என்றால் மாற்றம் இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

மதகைக் காக்கும் புரதங்களையே நேரடியாக அடக்க முடியாதா?

முடியும், ரத்தப் புற்றுநோயில் செய்துகாட்டிவிட்டார்கள். பிம்மின் 'பிடி'யைப் போலவே வடிவமைத்த வெனிடோகிளாக்ஸ் பிசிஎல்-2ஐப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2016-இல் ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது.

நுரையீரலில் பாதை கரடுமுரடாக இருக்கிறது. இங்கே காவலர் ஒருவர் இல்லை, மூன்று நாலு பேர். ஒருவரை அடக்கினால் இன்னொருவர் அந்த இடத்தைப் பிடிப்பார். நாவிடோகிளாக்ஸ் பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல் இரண்டையும் அடக்கும். ஆனால் ரத்தத்தட்டுகள் உயிர்வாழ்வதே பிசிஎல்-எக்ஸ்எல் தயவில்தான், அதனால் அவை சரசரவெனக் குறைந்தன. சிறுசெல் வகையில் தனி மருந்தாகக் கொடுத்தபோது பலன் மிகச் சிலருக்கே கிடைத்தது. எம்சிஎல்-1ஐ அடக்கும் மருந்துகளில் இதயத்தைப் பற்றிய கவலை வந்தது, சில சோதனைகள் நின்றன. வெளியிலிருந்து சாவுச் சமிக்ஞை கொடுக்கும் டிரெயில் வகை மருந்துகளும் நுரையீரலில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

இருந்தும் இந்தப் பாதையை நான் கைவிட மாட்டேன். இஜிஎஃப்ஆர் மாத்திரையோடு நாவிடோகிளாக்ஸைச் சேர்த்தபோது, தாக்குப்பிடித்து நின்ற செல்கள் மறுபடி சாகத் தொடங்கியதை 2016-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். ஒசிமெர்டினிப்போடு சேர்த்து மனிதர்களிடமும் ஆரம்பச் சோதனை நடந்தது. மிஞ்சி நிற்கும் செல்களை அவை உறங்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். இன்றைய தேதியில் இந்த வகையில் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை. யாராவது இருப்பதாகச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

சிறுசெல் வகைக்கு இலக்கு மாத்திரை உண்டா?

இஜிஎஃப்ஆர் போல ஒரு மாட்டிய பட்டன் இதில் அநேகமாக இருப்பதில்லை. கீமோவுக்கு முதலில் நன்றாகச் சுருங்கும், பிறகு பெரும்பாலும் வேகமாகத் திரும்பும். 2024-இல் டார்லாட்டமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு கையால் கட்டிச் செல்லின் டிஎல்எல்3 புரதத்தையும் மறு கையால் டி செல்லையும் பிடித்து இரண்டையும் சேர்த்துவைக்கும் மருந்து அது.

இம்யூனோதெரபியை உடனே ஆரம்பித்துவிடலாமா?

உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களைப் புற்றுநோய் மேல் ஏவிவிடும் சிகிச்சை இது. உடல்நிலை அனுமதித்தால் மரபணு ரிப்போர்ட் வரும்வரை பொறுப்பது நல்லது. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றம் உள்ளவர்களுக்கு இம்யூனோதெரபியில் பலன் பொதுவாகக் குறைவு. அதோடு, அதைக் கொடுத்த கையோடு ஒசிமெர்டினிப் ஆரம்பித்தால் கடுமையான நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பு கூடுகிறது. காத்திருக்கும் இரண்டு மூன்று வாரம் யுகமாகத் தெரியும், எனக்குத் தெரியும். ரிப்போர்ட் எப்போது வரும் என்று ஆய்வகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள், நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம்.

மாத்திரை ஆரம்பித்ததும் முகமெல்லாம் பரு மாதிரி வருகிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். தோலுக்கும் இஜிஎஃப்ஆர் தேவை, அதனால்தான் பரு, வறட்சி, நக ஓரம் வெடித்துச் சீழ் பிடிப்பது, வயிற்றுப்போக்கு எல்லாம். களிம்பும் மருந்தும் கொடுத்து, தேவைப்பட்டால் அளவைக் குறைத்துச் சமாளிப்பார்கள். ஆனால் புதிதாக மூச்சுத்திணறலோ வறட்டு இருமலோ வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அபூர்வமாக மாத்திரையே நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும், அது ஆபத்தானது.

மஞ்சள் புற்றுநோய்ச் செல்லைச் சாகவைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

ஆய்வகத் தட்டில் மஞ்சளில் உள்ள குர்குமினை ஊற்றினால் செல்கள் அப்போப்டோசிஸில் சாவது உண்மை. அங்கே செல் மருந்திலேயே மூழ்கிக் கிடக்கிறது. வாய்வழியாகச் சாப்பிடும் குர்குமினில் ரத்தத்தில் சேர்வது மிகவும் கொஞ்சம். நுரையீரல் கட்டியை அது கரைத்ததாக மனிதர்களிடம் நிரூபணம் இல்லை.

ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சளை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. செறிவூட்டிய மாத்திரைகளும் மூலிகைப் பொடிகளும் வேறு. கல்லீரல் மருந்தை உடைக்கும் வேகத்தை அவற்றில் சில மாற்றிவிடும். மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிட வேண்டாம், அவர் திட்டுவார் என்று மறைக்கவும் வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் நாமே வாங்கிப் போடும் மாத்திரையையும் சொல்லிவிடுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் ஜெஃபிடினிப்பும் எர்லோடினிப்பும் உடம்பில் சரியாகச் சேராது.